எதில் கையெழுத்துப் போட வேண்டும்?

விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட வேண்டும். துறைகளிடையே ஒருங்கிணைப்பு வலுப்படுத்தப்பட வேண்டும். களப்பணியாளர்களுக்குப் புத்தாக்கப் பயிற்சி அளிக்கப்பட வேண்டும். கண்காணிப்பு தீவிரப்படுத்தப்பட வேண்டும்.

குடிநீர்த் திட்டமாகட்டும், கர்ப்பிணிகள் நலமாகட்டும், கம்பெனியில் ஆட்கள் நிற்காமல் ஓடுவதாகட்டும், எதைப் பற்றி ஆய்வு செய்தாலும் கடைசி அத்தியாயத்தில் இந்த நாலு வரி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆய்வே நடத்தாமல் இதை எழுதியிருக்க முடியும் என்பதுதான் கொடுமை. மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பி, எக்செல்லின் முன்னால் கண்ணெரிய உட்கார்ந்து கண்டுபிடித்த விஷயம், பரிந்துரை என்ற பெயரில் இப்படிச் சுருங்கி அலமாரிக்குப் போகிறது.

அந்த வரிகளில் தப்பான கருத்து ஒன்றும் இல்லை. யார் செய்வது, எந்த நேரத்தில் செய்வது, அதற்காக எதை விடுவது என்ற மூன்றுக்கும் பதில் இல்லை, அவ்வளவுதான். அறிக்கையைப் புரட்டி முடித்த அதிகாரி கடைசியில் ஒன்றுதான் கேட்பார்: "ரிப்போர்ட் நல்லா இருக்கு தம்பி. இப்ப நான் எதுல கையெழுத்துப் போடணும்?" அப்போது ஒரு காகிதத்தை நீட்டத் தெரிந்தவருக்குத்தான் இந்தத் தொழிலில் மதிப்பு. தொண்டு நிறுவனத்தில் மதிப்பீட்டு அலுவலர், கம்பெனியின் சிஎஸ்ஆர் பிரிவில் இருப்பவர், ஹெச்ஆரில் ஊழியர் கருத்துக் கணிப்பு நடத்துபவர், அரசுத் திட்டத்தில் ஒப்பந்த ஆலோசகர் என யாராக இருந்தாலும் இந்தக் கேள்வி வந்தே தீரும்.

கேள்வித்தாளுக்கு முன்னால்

செயலாக்கத்தைப் பற்றி அறிக்கை முடிந்த பிறகு யோசித்தால் தாமதம்தான். ஆய்வைக் கேட்டவரிடம் முதல் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்: "இந்த எண் அதிகமாக வந்தால் என்ன செய்வீர்கள்? குறைவாக வந்தால் என்ன செய்வீர்கள்?" இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் அந்தக் கேள்வியைக் கேள்வித்தாளிலிருந்து அடித்துவிடலாம். "பார்க்கலாம், முதல்ல ரிசல்ட் வரட்டும்" என்று நழுவினால், முடிவெடுக்கும் நாற்காலியில் வேறு யாரோ இருக்கிறார் என்று அர்த்தம். அவர் யாரென்று விசாரியுங்கள்.

இன்னொரு வேலையும் அப்போதே செய்யலாம். இறுதி அறிக்கையில் வரப்போகும் அட்டவணைகளைத் தலைப்போடு காலியாகப் போட்டு, கட்டங்களில் பென்சிலால் கற்பனை எண்களை எழுதி எடுத்துப் போங்கள். "ஒன்றியவாரியா வராதா? அப்ப இது எனக்கு எதுக்கு?" என்ற குரல் அங்கேதான் கிளம்பும். அச்சான அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அதைச் சொன்னால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு மதியத்தில் முடிகிற இந்தக் காரியத்தைச் செய்பவர்கள் ரொம்பக் குறைவு.

காலண்டரையும் பாருங்கள். மாநில பட்ஜெட் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. அதற்கான கருத்துருக்கள் துறைகளில் பல மாதங்களுக்கு முன்பே தயாராகத் தொடங்கிவிடும். அருமையான அறிக்கையை ஏப்ரலில் கொடுத்தால் அது அடுத்த வருடத்துக்கான அறிக்கை. அதற்குள் அதிகாரி மாற்றலாகிப் போயிருப்பார். அக்டோபரில் ஐந்து பக்க இடைக்குறிப்பு ஒன்றைக் கொடுத்தால் பணம் ஒதுக்கும் மேசைக்கு அது போய்ச் சேரும். முழுமையான ஆனால் பிந்திய அறிக்கைக்கும், அரைகுறையான ஆனால் நேரத்துக்கு வந்த குறிப்புக்கும் இடையே தேர்வு வந்தால், நான் குறிப்பின் பக்கம்தான்.

அதே ஆசிரியர், அதே புத்தகம்

கண்டறிந்ததைச் செயலாக்குவது எவ்வளவு நெளிவு சுளிவான வேலை என்பதற்கு, பிரதம் தொண்டு நிறுவனமும் ஜே-பால் ஆய்வு மையமும் சேர்ந்து நடந்த பாதையைவிட நல்ல உதாரணம் இந்தியாவில் இல்லை. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலானவர்கள் மதிப்பிட்ட வேலை இது. (இருவரும் மைக்கேல் கிரெமரோடு 2019இல் நோபல் பரிசு பெற்றார்கள்.) அடிப்படை எளிமையானது. குழந்தை எத்தனையாவது வகுப்பு என்று பார்க்காமல், எழுத்து தெரிகிறதா, சொல் படிக்கிறதா, பத்தி படிக்கிறதா என்று சோதித்து, அந்த நிலைக்கேற்பக் குழு பிரித்துச் சொல்லித்தருவது. 2001இல் தொடங்கி மும்பையிலும் வடோதராவிலும் உள்ளூர் இளம்பெண்களை வைத்துச் செய்து பார்த்தார்கள். பலன் தெரிந்தது.

அடுத்து உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்துக் கிராமங்களில் தன்னார்வலர்கள் வாசிப்பு முகாம் நடத்தினார்கள். வந்த குழந்தைகள் நன்றாகத் தேறினார்கள். ஆனால் வந்தது கொஞ்சப் பேர்தான். எல்லாக் குழந்தைகளையும் எட்ட வேண்டுமானால் பள்ளிக்கூடத்துக்குள் போயாக வேண்டும், அரசு ஆசிரியர் செய்தாக வேண்டும் என்று ஆனது.

2008 கோடை விடுமுறையில் பீகாரில் அரசு ஆசிரியர்களே முகாம் நடத்தினார்கள். குழந்தைகளின் வாசிப்பு முன்னேறியது. பள்ளி திறந்தது. அதே பயிற்சி, அதே பாடப்பொருள், அதே அரசு ஆசிரியர்கள். ஆனால் பள்ளி நாட்களில் ஆசிரியர்களை மட்டும் நம்பியிருந்த இடங்களில் பலன் இல்லை. தன்னார்வலர்கள் பள்ளி நேரத்துக்கு வெளியே குழந்தைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்த இடங்களில் மட்டும் பலன் இருந்தது. உத்தராகண்டில் தன்னார்வலர்களைப் பள்ளிக்குள்ளேயே அனுப்பினார்கள். அவர்கள் ஆசிரியருக்கு எடுபிடியாக மாறினார்கள், அங்கும் பலன் இல்லை.

இந்த இடத்தில் சராசரி ஆய்வாளர் என்ன எழுதுவார்? "ஆசிரியர்களுக்குக் கூடுதல் பயிற்சி தேவை." கோடை முகாம்தான் அந்த வாக்கியத்தை எழுதவிடாமல் தடுத்தது. ஆசிரியருக்குத் தெரிகிறது, செய்யவும் முடிகிறது. பள்ளி நாட்களில் அவர் முன்னால் பாடத்திட்டம் நிற்கிறது. அதை முடித்தாரா என்றுதான் மேலே இருப்பவர் கேட்பார். நிலைவாரியாகப் பிரித்து உட்காரவைக்க நேரமும் ஒதுக்கவில்லை, அது அவருடைய வேலை என்று யாரும் சொல்லவுமில்லை.

ஆகவே 2012-13இல் ஹரியானாவில் பயிற்சியைப் போலவே கால அட்டவணையிலும் கை வைத்தார்கள். பள்ளி நாளில் இதற்கென்றே ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் வகுப்பு கலைந்து, பிள்ளைகள் நிலைவாரியாக உட்கார வேண்டும். பள்ளிகளைப் பார்வையிடும் வட்டார ஒருங்கிணைப்பாளர்கள் முதலில் தாங்களே இரண்டு, மூன்று வாரம் இந்த முறையில் பாடம் நடத்திப் பழகிவிட்டு, பிறகுதான் ஆசிரியர்களுக்கு வழிகாட்டப் போனார்கள். இந்தத் தடவை அரசு ஆசிரியர்களின் கையிலேயே பிள்ளைகளின் மொழித்திறன் உயர்ந்தது. மேற்பார்வை பலமில்லாத உத்தரப் பிரதேசத்தில் வேறு வழி. 2013-14இல் பிரதம் ஆட்களே பள்ளி நேரத்தில் குறுகிய கால முகாம்களாக நடத்தினார்கள். அங்கே கிடைத்த பலன் இன்னும் பெரிது.

"இந்த முறை பலன் தருகிறது" என்ற முடிவு தொடக்கத்திலேயே கையில் இருந்தது. யார், எந்த ஒரு மணி நேரத்தில், யாருடைய மேற்பார்வையில் என்று கண்டுபிடிக்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. தமிழ்நாட்டில் 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்காரவைப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிந்தனை புதிதாக இருக்காது.

களப்பணியாளர் ஒரு வேலையைச் செய்யவில்லை என்று உங்கள் தரவு சொன்னால், உடனே பயிற்சி என்று எழுதிவிடாதீர்கள். அவருக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் நேரமில்லையா, நேரமிருந்தும் அவருடைய மேலதிகாரி வேறொன்றைத்தான் கேட்கிறாரா என்று பாருங்கள். பயிற்சி முதலாவதற்கு மட்டும்தான் மருந்து. பரிந்துரைகளில் பயிற்சி இவ்வளவு அடிக்கடி வருவதற்குக் காரணம், அது யாரையும் கோபப்படுத்தாது, அதற்குக் கணக்குத் தலைப்பும் ஏற்கெனவே இருக்கும்.

நேரமின்மைதான் சிக்கல் என்றால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டு அங்கன்வாடி ஆய்வு இருக்கிறது. அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் 320 மையங்களில் நடத்தியது. அங்கன்வாடிப் பணியாளரின் ஒரு நாளை யோசித்துப் பாருங்கள். குழந்தைகளுக்குப் பாட்டும் எழுத்தும் சொல்லித்தர வேண்டும், எடை பார்க்க வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், வீட்டுக்குப் போய்த் தாய்மாரைப் பார்க்க வேண்டும், பதிவேடுகளை எழுத வேண்டும். முன்பருவக் கல்விக்கென்று அரைநாள் பணியாளர் ஒருவரைச் சில மையங்களில் கூடுதலாகப் போட்டார்கள். கல்வி நேரம் இரண்டு மடங்கானது, பதினெட்டு மாதத்தில் மொழியும் கணக்கும் தெளிவாக முன்னேறின. இன்னொன்றும் நடந்தது. பழைய பணியாளருக்குக் கை ஒழிந்ததால் அவர் சத்துணவு வேலையைக் கூடுதலாகக் கவனித்தார். வளர்ச்சி குன்றலும் கடும் ஊட்டச்சத்துக் குறைவும் அந்த மையங்களில் குறைந்தன. இங்கே "பணியாளர்களுக்குப் புத்தாக்கப் பயிற்சி" என்று எழுதியிருந்தால், ஏற்கெனவே இல்லாத நேரத்தில் இன்னும் இரண்டு நாள் போயிருக்கும்.

ஒரு பரிந்துரையைத் திருத்தி எழுதுவோம்

கற்பனை உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு வட்டாரத்தில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காகப் போய்ச்சேர்கிறது, ஆனால் பாதிப் பேர் விழுங்குவதில்லை என்று உங்கள் ஆய்வு சொல்கிறது. வழக்கமான பரிந்துரை: "இரத்தசோகை குறித்துத் தாய்மார்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட வேண்டும்."

உங்கள் நேர்காணல் குறிப்புகளுக்கே திரும்பிப் போங்கள். ஏன் விழுங்கவில்லை என்று அந்தப் பெண்கள் சொல்லியிருப்பார்கள். "வயித்தப் பொரட்டுது சிஸ்டர்." "கருப்பா வெளிய போகுது, பயந்துட்டேன்." "மாமியார் கொழந்த பெருசாயிடும்னு சொன்னாங்க." ரத்தசோகை கெட்டது என்று தெரியாதவர் அந்தக் குறிப்புகளில் ஒருவர்கூட இல்லை. அப்புறம் எதற்கு விழிப்புணர்வு? இன்னொரு காகிதமும் கையில் இருக்கிறது. இரும்புச்சத்து அட்டையும் கால்சியம் அட்டையும் ஒரே நாளில் ஒரே கையில் கொடுக்கப்படுகின்றன. சேர்த்து விழுங்கினால் கால்சியம் இரும்பை உடலில் சரியாகச் சேரவிடாது. மாத்திரை போட்ட கையோடு டீ குடித்தாலும் அதே கதைதான்.

இப்போது எழுதிப் பாருங்கள். மாத்திரை கொடுக்கும்போது கிராம சுகாதார செவிலியர் நாலு விஷயம் சொல்ல வேண்டும்: மலம் கருப்பாகப் போகும், அது மாத்திரையின் நிறம், பயமில்லை. காலையும் மதியமும் கால்சியம், ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் இரும்பு, அப்போதுதான் குமட்டல் தெரியாமல் தூங்கிவிடலாம். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம். வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நிறுத்திவிடாமல் தன்னிடம் சொல்ல வேண்டும். அடுத்த தடவை வரும்போது காலி அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, அதைப் பார்த்துவிட்டுத்தான் புது அட்டை. இதற்கான நேரம் எங்கிருந்து வரும்? ஒரே தகவலை இரண்டு பதிவேட்டில் எழுதுகிற வழக்கம் அந்த வட்டாரத்தில் இருந்தால், ஒன்றை நிறுத்தலாம் என்று வட்டார மருத்துவ அலுவலர் எழுதிக் கொடுக்கட்டும். மாதாந்திரக் கூட்டத்தில் "எத்தனை மாத்திரை கொடுத்தீங்க" என்று கேட்பதோடு "எத்தனை காலி அட்டை பார்த்தீங்க" என்றும் அவர் கேட்கட்டும்.

பரிந்துரை ஒரு வரியிலிருந்து அரைப் பக்கமாக நீண்டுவிட்டது. நீளட்டும். இதை அப்படியே சுற்றறிக்கையாக அடிக்கலாம், கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது. இருபது பரிந்துரை எழுதுகிற இடத்தில் இப்படி மூன்றுதான் எழுத முடியும் என்பது இன்னொரு லாபம்.

சுற்றறிக்கை தமிழில் இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நம் ஆய்வுகளில் பாதி ஆங்கிலத்திலேயே பிறந்து ஆங்கிலத்திலேயே கண்மூடுகின்றன. செவிலியரின் வாட்ஸ்அப் குழுவில் போடுகிற மாதிரி, ஒரே படத்தில் நாலு வரி செய்துகொடுத்தால் எழுபது பக்க பிடிஎஃப் போகாத இடத்துக்கெல்லாம் அது போகும்.

முதலாளியின் கணக்கு

தனியார் நிறுவனத்தில் இருப்பவர்களுக்கு இது. பெங்களூருவின் ஆயத்த ஆடை ஆலைகளில் பழைய டியூப் லைட்டுகளை எடுத்துவிட்டு எல்இடி போட்டதை அச்யுத அத்வர்யு, நம்ரதா காலா, அனந்த் நிஷாதம் ஆகிய பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். எல்இடி மின்சாரம் மிச்சப்படுத்தும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அது வெளிவிடும் வெப்பமும் குறைவு. தையல் மிஷின்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் தளத்தில் சூடு தணிந்ததும், குறிப்பாக வெயில் நாட்களில், தொழிலாளர்களின் உற்பத்தி கூடியது.

இதை "பணியிட வெப்பநிலைக்கும் உற்பத்தித்திறனுக்கும் குறிப்பிடத்தக்க எதிர்மறைத் தொடர்பு காணப்படுகிறது" என்று எழுதினால் திருப்பூரில் எந்த யூனிட் முதலாளியும் அடுத்த பக்கத்தைத் திருப்ப மாட்டார். ஆய்வாளர்கள் ஆலையின் செலவுக் கணக்கையே வைத்துப் போட்ட கணக்கு வேறு மாதிரி: உற்பத்தி லாபத்தையும் சேர்த்தால், எல்இடிக்குப் போட்ட காசு திரும்பி வருகிற காலம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. "போட்ட காசு எப்ப வரும்?" என்பதுதான் முதலாளியின் மொழி. ஊழியர் கருத்துக் கணிப்பில் "68 சதவீதம் பேர் அதிருப்தி" என்று ஸ்லைடு போடுவதற்கு முன்னால், ஒரு டெய்லர் வேலையை விட்டுப் போனால் புது ஆளைப் பிடித்து, பழக்கி, பழைய வேகத்துக்குக் கொண்டுவர எவ்வளவு செலவாகிறது என்று கணக்குப் பிரிவில் கேட்டு வையுங்கள். அதிருப்தியை யாரும் பட்ஜெட்டில் போடுவதில்லை.

அங்கே சரி, இங்கே?

வேறொரு ஊரில் வேலை செய்தது என்பதற்காக அப்படியே தூக்கிவந்து நடக்கூடாது. இதற்கு மருத்துவத்தில் ஒரு கசப்பான கதை உண்டு. குறைமாதப் பிரசவம் ஆகப்போகிற தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிரும், குழந்தை பிழைக்கும் வாய்ப்பு கூடும் என்று 1972இலேயே நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹோவி இருவரும் காட்டிவிட்டார்கள். பணக்கார நாடுகளில்கூட அது வழக்கமாக 1990கள் ஆயிற்று. இவ்வளவு தாமதமா என்ற ஆதங்கத்தில், ஏழை நாடுகளில் இதைக் கீழ்மட்ட மருத்துவமனைகள் வரை வேகமாகக் கொண்டுபோனால் என்ன என்று இந்தியா உட்பட ஆறு நாடுகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முடிவு 2015இல் வந்தது. எடை மிகக் குறைவாகப் பிறந்த குழந்தைகளின் இறப்பு குறையவில்லை. மொத்தத்தில் பச்சிளங்குழந்தை இறப்பு கூடியிருந்தது.

ஊசி பொய்யா? உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2020இல் முடிவு வெளியான இன்னொரு ஆய்வு, மறுபடியும் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில், கர்ப்ப காலத்தைச் சரியாகக் கணிக்கவும் பிறந்த குழந்தையைப் பராமரிக்கவும் வசதியுள்ள மருத்துவமனைகளில் மட்டும் நடந்தது. அங்கே இறப்பு குறைந்தது. ஊசியைச் சுற்றியிருந்த ஏற்பாடுகளும் சேர்ந்துதான் அந்த மருந்து. ஆகவே பிற ஊர் ஆய்வைக் காட்டிப் பரிந்துரை எழுதும்போது, அங்கே எதெல்லாம் ஏற்கெனவே இருந்தது என்று ஒரு பட்டியல் போட்டு, உங்கள் ஊரில் அதில் எது இல்லை என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

யாருக்கு வலிக்கும்

ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் துணை சுகாதார நிலையங்களுக்குச் செவிலியர்கள் சரியாக வராமலிருந்தார்கள். சேவா மந்திர் தொண்டு நிறுவனமும் மாவட்ட சுகாதார நிர்வாகமும் சேர்ந்து, கண்காணிக்கும் நாட்களில் நேரமுத்திரை இயந்திரத்தில் வருகை பதிய வேண்டும், பாதி நாளுக்கு மேல் வராவிட்டால் சம்பளத்தில் பிடித்தம் என்று 2006இல் ஏற்பாடு செய்தார்கள். முதல் ஆறு மாதம் வருகை நன்றாகக் கூடியது. பிறகு "விலக்கு நாள்" என்ற பெயரில் நிர்வாகமே அனுமதி வழங்கத் தொடங்கியது. கூட்டம், கணக்கெடுப்பு, வேறு பணி என்று ஏதோ ஒரு காரணம். ஏறத்தாழ ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தால், கண்காணித்த இடத்துக்கும் கண்காணிக்காத இடத்துக்கும் வித்தியாசம் இல்லை.

ஒவ்வொரு பரிந்துரைக்கும் எதிரில் "இதைக் கெடுக்க யாரால் முடியும், அவருக்கு என்ன நஷ்டம்?" என்று ஒரு கட்டம் போட்டு நிரப்புங்கள். அந்தக் கட்டத்தை அறிக்கையில் அச்சிட வேண்டாம், உங்கள் நோட்டில் இருக்கட்டும். பெயர் எழுதப்பட்டவரைச் சமர்ப்பிப்புக் கூட்டத்துக்கு முன்பே தனியாகப் பார்த்துவிடுங்கள். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் தன் துறையின் குறையைத் திரையில் பார்க்கிற அதிகாரி, உங்கள் சாம்பிள் அளவைப் பற்றித்தான் முதல் கேள்வி கேட்பார்.

ஏற்றுக்கொண்ட பிறகு

"நல்ல ஆய்வு, வாழ்த்துகள்" என்று கைதட்டி முடியும் கூட்டம் ஆபத்தானது. ஐ.நா. அமைப்புகளில் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு பரிந்துரைக்கும் நிர்வாகம் எழுத்தில் பதில் தர வேண்டும்: ஏற்கிறோம், ஓரளவு ஏற்கிறோம், அல்லது ஏற்கவில்லை. ஏற்காவிட்டால் காரணம். ஏற்றால் பொறுப்பாளர், தேதி. இதற்குத் தனி விதி எதுவும் உங்கள் நிறுவனத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. கூட்டக் குறிப்பை எழுதும் வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொண்டு, அதில் பதில், பொறுப்பாளர், தேதி என்ற மூன்று பத்திகளைச் சேர்த்து, மறுநாளே கையெழுத்துக்கு அனுப்பினால் போதும். "ஏற்கவில்லை" என்று காரணத்தோடு வரும் பதிலை மதிக்கப் பழகுங்கள். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு எதையும் செய்யாத நிர்வாகத்தைவிட அது எவ்வளவோ மேல்.

அதிகாரி மாற்றலாவார். அடுத்து வருபவருக்கு உங்கள் ஆய்வு அவருக்கு முன்னவர் ஆரம்பித்த சங்கதி. அதனால் முடிவு கோப்பில் ஏற வேண்டும், செயல்முறை ஆணையாக எண்ணோடு இருக்க வேண்டும், பிரிவு எழுத்தருக்கும் கண்காணிப்பாளருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மேலே ஆட்கள் மாறிக்கொண்டேயிருப்பார்கள். பிரிவில் இருப்பவர்கள் கொஞ்சம் நிலைத்திருப்பார்கள். அவர்களோடு டீ குடிக்கும் நேரத்தை வீண் என்று நினைக்காதீர்கள்.

வேலைக்கான நேர்முகத்தில் என்ன காட்டுவது

இந்தத் துறையில் புதிதாக வருபவர்கள் ஸ்டேட்டா தெரியும், ஆர் தெரியும், பவர் பிஐ தெரியும் என்று பயோடேட்டாவில் அடுக்குகிறார்கள். தேவைதான். ஆனால் அவை தெரிந்தவர்கள் நிறையப் பேர். ஓர் ஆய்வு முடிவை எடுத்து அதை ஒரு சுற்றறிக்கையாகவோ, ஒரு பக்கப் பயிற்சிக் குறிப்பாகவோ, செலவு மதிப்பீட்டோடு கூடிய கருத்துருவாகவோ மாற்றத் தெரிந்தவர்கள் குறைவு. அப்படிச் செய்த ஒன்றைக் கையில் வைத்திருங்கள்: முதல் பக்கத்தில் கண்டது, இரண்டாவதில் அதிலிருந்து எழுதிய ஆணையின் வரைவு, மூன்றாவதில் அதன் பிறகு மாறியது, மாறாதது. பெயர்களை மறைத்துவிடுங்கள். மாறாததையும் எழுதியிருந்தால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் ஆய்வுக் கூட்டங்களில் பின்வரிசையில் உட்காருங்கள். எந்தப் பதிவேட்டின் எந்தப் பத்தியைப் பற்றி மேலதிகாரி கேட்கிறார், எதைக் கேட்பதேயில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு துறையில் எது நடக்கும், எது நடக்காது என்பது அந்தக் குறிப்பில் இருக்கும். எந்தப் பட்டப்படிப்பிலும் இதைச் சொல்லித்தருவதில்லை.

மறுபடி அளப்பது

2020இல் தமிழ்நாட்டில் நடந்த தொற்றாநோய்க் கணக்கெடுப்பு ஒன்றில், உயர் ரத்த அழுத்தம் இருப்பவர்களில் வெறும் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுப்பாட்டில் இருந்தது என்று தெரியவந்தது. சர்க்கரை நோயில் 10.8 சதவீதம். மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் மாதாமாதம் அதை வாங்க ஒரு நாள் கூலியை விட வேண்டும். 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கும் ஏற்பாடு. வேலை செய்பவர் யார், எந்த வாசலில், கையில் என்ன இருக்கும் என்பதெல்லாம் அதில் இருந்தது. 2023-24இல் மறுபடி அளந்தார்கள். 7.3 என்பது 17 ஆகவும், 10.8 என்பது 16.7 ஆகவும் உயர்ந்திருந்தன.

இந்த உயர்வு முழுவதும் ஒரே திட்டத்தின் பலன் என்று சொல்லிவிட முடியாது. ஒப்பிட்டுப் பார்க்கத் திட்டம் இல்லாத மாவட்டம் எதுவும் இல்லை. முதல் கணக்கெடுப்பு கொரோனா ஆண்டு. 17 என்பதும் நூற்றுக்கு எண்பத்து மூன்று பேரை வெளியே விட்ட எண். ஆனாலும் முதல் தடவை கேட்ட அதே கேள்வியை இரண்டாம் தடவையும் கேட்டதால்தான் இதையெல்லாம் பேசவாவது முடிகிறது.

உங்கள் ஆய்விலும் இரண்டாவது அளவீட்டுக்கான தேதியை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கேள்வியின் சொற்களை மாற்றாதீர்கள், "மேம்படுத்துகிறேன்" என்று யாராவது கிளம்பினாலும் விடாதீர்கள். அதற்கான தொகையையும் முதல் பட்ஜெட்டிலேயே தனி வரியாகப் போட்டுவிடுங்கள். ஒன்றரை வருடம் கழித்துப் போய்க் கேட்டால், அந்தத் தலைப்பில் பணம் இல்லை என்பார்கள்.